பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு ஆல்டர்னேட்டரைத் தயார்ப்படுத்துதல்: அளந்து பார்த்து மாற்றிய அனுபவம்

என் காரில் சப்வூஃபருக்காக (கனமான பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) 1500 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய, திறனுள்ள கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், முன்பக்க ஸ்பீக்கர்களுக்காக நான்கு சேனல் கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் இருக்கின்றன. இவற்றைப் பொருத்திய நாளிலிருந்தே, பாட்டில் கனமான பேஸ் வரும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி மீள்வதும், சிக்னலில் நிற்கும்போது ஒலி வலுவிழந்து கரகரப்பதும் தொடர்ந்தன. இந்த நிலைக்கு வரும் எல்லோருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, பெரிய ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் சுழற்றும் மின் உற்பத்திக் கருவியை, வாங்கிப் போடுங்கள் என்பதுதான். நானும் இறுதியில் ஆல்டர்னேட்டரை மாற்றினேன், அந்த மாற்றம் தேவையானதாகவும் இருந்தது. ஆனால் அதற்கு முன்பு மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்தபோது, சிக்கலில் பெரும்பாதி ஆல்டர்னேட்டருக்கு வெளியே இருந்தது தெரிந்தது. எந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று பிரித்தறியும் முறையையே இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் அதைச் செய்யாமல் ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றுபவர்களுக்கு, செலவு முடிந்த பிறகும் விளக்கு மங்குவது நிற்பதில்லை.

முதலில் தேவையைக் கணக்கிட்டேன். கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரின் செயல்திறனை 80 சதவீதம் என்று கொண்டால், 1500 வாட் வெளியே வருவதற்கு 1875 வாட் உள்ளே போக வேண்டும். 14 வோல்ட்டில் அது ஏறத்தாழ 134 ஆம்பியர். கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபையர் 300 வாட் தருவதற்கு, 55 சதவீதச் செயல்திறனில், 39 ஆம்பியர் வரை கேட்கும். இரண்டும் சேர்ந்து 173 ஆம்பியர் என்பது பயமுறுத்தும் எண்தான். ஆனால் இது இடைவிடாத சோதனை ஒலியை முழுத் திறனில் ஓடவிட்டால் மட்டுமே வரும் இழுப்பு. இசையில் உச்சங்கள் கணநேரமே நிற்கின்றன. பேஸ் மிகுந்த பாட்டிலும்கூடச் சராசரி இழுப்பை உச்சத்தின் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்வது பாதுகாப்பான மதிப்பீடு. அப்படிப் பார்த்தால் ஆடியோவுக்குச் சராசரியாக 58 ஆம்பியர் போதும். எரிபொருள் பம்பு, இன்ஜினின் மின்னணுக் கட்டுப்பாடு, ஹெட்லைட், ஏசி புளோயர், ரேடியேட்டர் மின்விசிறி என்று காரின் சொந்தத் தேவை இரவு நேரத்தில் 40 ஆம்பியரை எளிதாகத் தொடும். ஆக, வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலிங்கிலும் ஏறத்தாழ 100 ஆம்பியர் வேண்டும்.

காருடன் வந்த ஆல்டர்னேட்டர் 90 ஆம்பியர். அந்த 90 என்பது ஆல்டர்னேட்டரின் அச்சு நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலும்போது, குளிர்ந்த நிலையில் தொடங்கி அளந்த எண். பல ஆல்டர்னேட்டர்களின் உடலில் ‘50-90’ போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் ஐடிலிங்கை ஒட்டிய வேகத்தில் கிடைப்பது, இரண்டாவது எண் 6000 சுற்றில் கிடைப்பது. விளம்பரத்தில் வருவது எப்போதும் இரண்டாவது எண்தான். நகர நெரிசலில் நம்மைக் காப்பாற்றுவதோ முதல் எண். அதோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவதால், சூடேறிய சுருள்கள் தரும் மின்னோட்டம் குறைந்துகொண்டே போகும். பழைய ஆல்டர்னேட்டர் நெரிசலில் சூடான பிறகு தந்ததை, ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தபோது, அது 45 ஆம்பியரைத் தாண்டவில்லை. மீதி முழுவதையும் பேட்டரிதான் சுமந்தது.

அளவீட்டில் எனக்கு மிகவும் பயன்பட்டது, ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் வோல்டேஜைப் பார்த்தது. ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே ஒன்று, பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே ஒன்று, ஆம்ப்ளிஃபையரின் மின் உள்ளீட்டு முனைகளுக்கு இடையே ஒன்று. கணநேர வீழ்ச்சியைப் பிடிக்க, குறைந்தபட்ச மதிப்பைப் பதிந்து வைத்துக்கொள்ளும் வசதியுள்ள மல்டிமீட்டர் தேவை. சாதாரண மீட்டரின் காட்சி மெதுவாக மாறுவதால் உண்மையான பள்ளம் கண்ணில் படாமல் போகும். இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் நிறுத்தி, பேஸ் நீண்டு ஒலிக்கும் ஒரு பாட்டை ஓடவிட்டேன். ஆல்டர்னேட்டரில் 14.1, பேட்டரியில் 13.7, ஆம்ப்ளிஃபையரில் 12.6 வோல்ட். ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே ஒன்றரை வோல்ட் வழியில் தொலைந்துகொண்டிருந்தது. அடுத்து ஐடிலிங்கில் அளந்தபோது ஆல்டர்னேட்டரின் முனையிலேயே 12.4 வோல்ட்தான் இருந்தது. இந்த இரண்டு அளவுகளும் இரண்டு வெவ்வேறு நோய்களைக் காட்டுகின்றன. ஆல்டர்னேட்டர் முனையில் வோல்டேஜ் நிலைத்து நின்று ஆம்ப்ளிஃபையரில் மட்டும் விழுந்தால், குறை ஒயரிலும் இணைப்புகளிலும் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் முனையிலேயே விழுந்தால், உற்பத்தி போதவில்லை. என் காரில் இரண்டும் இருந்தன.

இந்த வீழ்ச்சியைச் சிறியதாக நினைக்க வேண்டாம். உள்ளே நிலைப்படுத்தப்பட்ட மின்வழங்கி இல்லாத ஆம்ப்ளிஃபையரில், வெளிவரும் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14.4 வோல்ட்டில் 1500 வாட் தரும் ஆம்ப்ளிஃபையர், 12 வோல்ட்டில் 1040 வாட் அளவுக்கே தரும். அந்த நிலையிலும் நாம் ஒலியைக் கூட்டினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படும்; வெட்டுப்பட்ட அலைதான் ஸ்பீக்கரின் காயிலைச் சூடாக்கிக் கருக்குகிறது. ஸ்பீக்கர் எரிந்தால் ஆம்ப்ளிஃபையரின் திறன் அதிகம் என்று பழி சொல்வதே வழக்கமாக இருக்கிறது. மின்சாரம் போதாமையே காரணமாக இருந்த பல கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

கணநேர உச்சங்களுக்காக மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது வெளியே தரும் ஆற்றல் ஏறத்தாழ 25 ஜூல். 1875 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபையர் அதை ஒரு நொடியின் எழுபதில் ஒரு பங்கு நேரத்தில் தின்று தீர்த்துவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்குக்கூட அது போதாது, மேலும் தீர்ந்ததை நிரப்புவதற்கு அதே ஆல்டர்னேட்டரைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒயரில் தொடங்கினேன். ஆம்ப்ளிஃபையரோடு கிட்டாக வந்த ஒயர், செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரே தடிமனில் இது முழுச் செம்பைப் போல மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே மின்சாரத்தைக் கடத்தும். 25 சதுர மில்லிமீட்டர் கொண்ட அந்த ஒயர், பேட்டரியிலிருந்து டிக்கி வரையான 5 மீட்டர் தூரத்தில், 134 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 0.7 வோல்ட்டை விழுங்கும் என்று கணக்குச் சொன்னது. அளவீடும் அதை ஒட்டியே இருந்தது. அதற்குப் பதிலாக 50 சதுர மில்லிமீட்டர் முழுச் செம்பு ஒயரை இழுத்தபோது அந்த இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கியது. வாங்கும்போது ஒயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், அது தகரப்பூச்சு இட்ட செம்பா, அலுமினியமா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள். மேலுறையின் தடிமனைக் கூட்டி உள்ளே செம்பைக் குறைத்த ஒயர்களும் இருக்கின்றன. வெளிவிட்டத்தை நம்பாமல் செம்பின் பரப்பைக் கேட்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஒயரை மட்டும் தடிப்பாக்கினால் போதாது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியின் பாசிட்டிவுக்கு, பேட்டரியின் நெகட்டிவிலிருந்து சேஸிக்கு (காரின் உலோகச் சட்டகம்), இன்ஜின் உடலிலிருந்து சேஸிக்கு என்று மூன்று வழிகளையும் தடிப்பாக்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் நெகட்டிவ் பாதை அதன் உடல் வழியாக இன்ஜினுக்கும், அங்கிருந்து எர்த் பட்டை வழியாக சேஸிக்கும் போகிறது. பெரும்பாலானவர்கள் பாசிட்டிவ் ஒயரையே நினைத்துக்கொண்டு இந்தத் திரும்பும் பாதையை விட்டுவிடுகிறார்கள். என் காரில் எர்த் பக்கத்தில் மட்டும் 0.4 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. பழைய ஒயர்களைக் கழற்றாமல், புதியவற்றை அவற்றுக்கு இணையாகச் சேர்த்தேன். டிக்கியில் ஆம்ப்ளிஃபையரின் எர்த்துக்கு, சேஸியின் தடித்த உறுப்பில் பெயின்டை வெற்று உலோகம் வரை சுரண்டி, துளையிட்டு, போல்ட் போட்டு இறுக்கிய பின் துருப்பிடிக்காமல் மேலே பூசினேன். சீட் பெல்ட்டைப் பிடிக்கும் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தவே கூடாது. உயிர் காக்கும் பிடிமானத்தில் கை வைக்க எந்த ஒலிக்கும் உரிமை இல்லை.

பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே சிறிய பெட்டி போன்ற சென்சார் பொருத்தப்பட்ட கார்களில் இன்னொரு கவனம் வேண்டும். அது பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, ஆல்டர்னேட்டருக்கு எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று கட்டளை போவதற்கு வழிசெய்கிறது. புதிய எர்த் ஒயரை சென்சாரைத் தாண்டி நேராக பேட்டரி முனையில் மாட்டினால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். சென்சாருக்கு அப்பால், சேஸி பக்கத்தில்தான் மாட்ட வேண்டும்.

ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்கு அன்று. ஒயர் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. ஆகவே அது பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதன் மதிப்பு ஒயர் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. உலோகச் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) கட்டாயம். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குச் சேர்த்த புதிய ஒயரிலும் பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் வைத்தேன். இதன் மதிப்பை ஆல்டர்னேட்டரின் உச்ச உற்பத்திக்கு மேலேயே வைக்க வேண்டும், ஏனெனில் வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் உள்ள தொடர்பு திடீரென அறுந்தால் பல பத்து வோல்ட் உயரத்துக்கு ஓர் எழுச்சி உண்டாகி, மின்னணுப் பாகங்களைப் பாழாக்கிவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் ‘சோதிக்கும்’ பழைய வழக்கமும் இதே ஆபத்தைத்தான் வரவழைக்கிறது. யார் செய்ய முன்வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

ஒயர் வேலை முடிந்ததும் 2000 சுற்றில் மீண்டும் அளந்தபோது, ஆல்டர்னேட்டரில் 14.0, பேட்டரியில் 13.9, ஆம்ப்ளிஃபையரில் 13.5 வோல்ட். ஓட்டத்தில் விளக்கு மங்குவது ஏறக்குறைய நின்றது. ஐடிலிங்கில் மட்டும் குறை அப்படியே இருந்தது. பழைய பேட்டரியும் வயதாகிவிட்டதால், உள்தடை குறைந்த ஏஜிஎம் வகைப் பேட்டரியை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருப்பது) வைத்தேன். கணநேர உச்சங்களுக்கு அது விரைவாக ஈடுகொடுக்கிறது. டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைக்கும் யோசனையை ஏற்கவில்லை. ஓட்டத்தில் அதுவும் ஆல்டர்னேட்டருக்கு ஒரு சுமைதான். இல்லாத உற்பத்தியை அது உண்டாக்குவதில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதன் உள்தடை மிகக் குறைவு என்பதால், சார்ஜ் இறங்கிய நிலையில் ஆல்டர்னேட்டர் தரக்கூடிய அனைத்தையும் நீண்ட நேரம் உறிஞ்சும். காற்றோட்டமில்லாத ஐடிலிங்கில் அது ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகங்கள்) சுருளையும் சுட்டுவிடக்கூடும்.

இனி ஆல்டர்னேட்டர். இருப்பதையே ரிவைண்டிங் செய்து, அதாவது சுருளை மீண்டும் சுற்றி, ஆம்பியரைக் கூட்டித் தருவதாகச் சொன்ன எலெக்ட்ரீஷியனிடம் விளக்கமாகப் பேசினேன். தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள் போட்டால் உயர் வேகத்தில் கூடுதல் மின்னோட்டம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சுற்றுகள் குறையும்போது, சார்ஜ் செய்யத் தேவையான வோல்டேஜை எட்ட அச்சு இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதாவது ஐடிலிங் உற்பத்தி முன்பைவிடக் குறைந்துவிடும். நெடுஞ்சாலையில் மட்டும் பாட்டுக் கேட்பவருக்கு அது பொருந்தலாம், எனக்குப் பொருந்தாது. அதோடு பழைய டயோடுகளும் அந்தக் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும்.

சுழலாமல் நிற்கும் சுருள் பகுதியான ஸ்டேட்டரில் வட்டக் கம்பிக்குப் பதிலாகப் பட்டையான செம்புத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கிய ஹேர்பின் வகை ஆல்டர்னேட்டரைத் தேர்ந்தெடுத்தேன். அதே அளவு உடலுக்குள் அதிகச் செம்பு அடங்குவதால், சூடான நிலையிலும் ஐடிலிங்கிலும் அதன் உற்பத்தி நன்றாக நிற்கிறது. 180 ஆம்பியர் என்ற பெரிய எண்ணைவிட, சூடான நிலையில், ஐடிலிங்கை ஒட்டி ஆல்டர்னேட்டரின் அச்சு சுழலும் 2000 சுற்றில் எவ்வளவு என்று அளந்த தாளை விற்பவர் காட்டினார் என்பதே என்னை முடிவெடுக்க வைத்தது. அந்தத் தாளில் 100 ஆம்பியருக்குச் சற்று மேல் இருந்தது. என் தேவைக்கு அது போதும். அப்படியொரு தாளைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் 300 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவற்றில், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மிக முக்கியம். பழைய முறையில் ரெகுலேட்டர் தானாகவே 14.2 அல்லது 14.4 வோல்ட்டை ஒட்டி நிறுத்தும். புதிய கார்கள் பலவற்றில் இன்ஜின் கட்டுப்பாட்டு அலகே கட்டளையிட்டு, எரிபொருளைச் சேமிக்க வோல்டேஜை 12.5 வரைகூட இறக்குகிறது. அத்தகைய காரில் கட்டளை மொழி பொருந்தாத ஆல்டர்னேட்டரைப் போட்டால், டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும், வோல்டேஜும் ஏதோ ஒரு நிலையில் உறைந்து நிற்கும். என் கார் பழைய முறையைச் சேர்ந்தது என்பதால் கனெக்டரின் அமைப்பும் அதன் ஒயர்களின் பணியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதோடு முடிந்தது. வோல்டேஜை 15-க்கு மேல் ஏற்றித் தரும் தனி ரெகுலேட்டர்களைப் போட்டிக் கார்களில் காணலாம். அன்றாடம் ஓட்டும் காரில் ஏஜிஎம் பேட்டரியும் பல்புகளும் அதைத் தாங்காது.

பெல்ட் விஷயத்தில் இயற்பியல் எந்தச் சலுகையும் தருவதில்லை. 180 ஆம்பியரை 14 வோல்ட்டில் தரும்போது வெளிவருவது 2520 வாட். ஆல்டர்னேட்டரின் செயல்திறனை 55 சதவீதம் என்று கொண்டால், இன்ஜினிலிருந்து ஏறத்தாழ 6 குதிரைத்திறனை அந்த ஒற்றைப் பெல்ட் கடத்த வேண்டும். ஆகவே புதிய ஆல்டர்னேட்டரோடு புதிய பெல்ட்டையும், அதை இறுக்கிப் பிடிக்கும் புதிய டென்ஷனரையும் சேர்த்தே போட்டேன். சிறிய புல்லி மாட்டி ஐடிலிங்கில் சுழற்சியைக் கூட்டலாம் என்ற யோசனையும் வந்தது. என் காரில் கிராங்க் புல்லி 140 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 55 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் புல்லி போட்டால், இன்ஜின் 6500 சுற்றைத் தொடும்போது ஆல்டர்னேட்டர் 18,200 சுற்றை எட்டும். அந்த ஆல்டர்னேட்டருக்குக் குறிப்பிட்ட எல்லை 18,000. சிறிய புல்லியில் பெல்ட் பற்றும் பரப்பும் குறைவதால் வழுக்கலும் கூடும். எனவே புல்லியை மாற்றவில்லை. ஒரு திசையில் மட்டும் பற்றும் கிளட்ச் புல்லியோடு வந்த கார்களில், அதைக் கழற்றிவிட்டு முழுத் திடப் புல்லி போடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்ஜினின் துடிப்புகள் நேராகப் பெல்ட்டில் இறங்கிவிடும்.

பொருத்தும் வேலை ஒயர் வேலையைவிட எளிது. நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுவது, பெல்ட் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்வது, புல்லிகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நேர்ப்பட்டையை வைத்துப் பார்ப்பது, வெளியீட்டு முனையின் நட்டைக் குறிப்பிட்ட முறுக்குவிசையில் இறுக்கி ரப்பர் உறையால் மூடுவது ஆகியவை போதும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் ஆல்டர்னேட்டர் இருக்கும் கார்களில், கழற்றிய வெப்பத் தடுப்புத் தகட்டை மறவாமல் திரும்ப மாட்ட வேண்டும்.

மாட்டிய பின் ஐடிலிங்கில், ஹெட்லைட்டும் ஏசியும் பாட்டும் சேர்ந்து ஓடும்போது பேட்டரியில் 13.6 வோல்ட் நின்றது. மல்டிமீட்டரை மாறுமின் (ஏசி) வோல்டேஜ் அளவுக்கு மாற்றி பேட்டரி முனைகளில் பார்த்தேன், 0.1 வோல்ட்டுக்கும் மிகக் குறைவாக இருந்தது. இது அதற்கு மேல் போனால் டயோடு ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. ஸ்பீக்கரில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய விசில் சத்தம் வந்தால், உடனே ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு எர்த் நிலையில் இருப்பதே பெரும்பாலும் காரணம். சிக்னல் ஒயரை மின் ஒயரிலிருந்து விலக்கி மறுபக்கமாகக் கொண்டுபோய், எர்த் இணைப்புகளைச் சீராக்கினால் அது போய்விடும். வடிகட்டி வாங்கி மறைக்கத் தேவையில்லை. மின்சாரம் சீரானதும் ஆம்ப்ளிஃபையரின் கெயினையும் (சிக்னலைப் பெருக்கும் அளவு) புதிதாக அமைக்க வேண்டும், ஏனெனில் முன்பு குறைந்த வோல்டேஜில் வைத்த அளவு இப்போது பொருந்தாது.

இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்பதற்கு இந்த மாற்றம் எதுவும் உதவாது. 60 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் இழுத்தால் முக்கால் மணி நேரத்தில் பாதி தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்த பேட்டரியை, ஓடும்போது ஆல்டர்னேட்டர் நிரப்பிக்கொள்ளும் என்று விடாமல், சுவர் மின்சாரத்தில் இயங்கும் சார்ஜரில் போடுவது ஆல்டர்னேட்டரின் ஆயுளை நீட்டிக்கும்.

இப்போது டாஷ்போர்டில் சிறிய வோல்ட்மீட்டர் ஒன்றை ஆம்ப்ளிஃபையரின் முனைகளிலிருந்தே ஒயர் எடுத்து வைத்திருக்கிறேன். இரவில், ஐடிலிங்கில், ஒரே பாட்டின் ஒரே இடத்தில் அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டால், 0.3 வோல்ட் இறங்கினாலே ஏதோ ஓர் இணைப்பு தளர்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்போது நீண்ட ஓட்டத்துக்குப் பின் இன்ஜினை நிறுத்தி, ஃபியூஸ் ஹோல்டரையும் பேட்டரி, சேஸி பக்கத்து லக்குகளையும் (ஒயர் நுனியின் உலோக இணைப்பு வளையங்கள்) ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்குங்கள். பெல்ட்டின் ஓரத்தில் கருந்தூள் படிந்திருந்தால் டென்ஷனரையும் பாருங்கள்.